கடலில் காணாமல் போனவரை எங்கே தேடுவது?

2013 ஜூலை 24, அதிகாலை. அமெரிக்காவின் லாங் ஐலண்டுக்குத் தெற்கே, அட்லாண்டிக் கடலில், சிங்கி இறால் பிடிக்கும் படகு ஒன்று ஆட்டோபைலட்டில் போய்க்கொண்டிருந்தது. படகில் மூன்று பேர். இரண்டு பேர் உள்ளே தூக்கம். காவலுக்கு விழித்திருந்தவர் கனமான ஐஸ் பெட்டி ஒன்றை இழுத்து நகர்த்தும்போது அதன் கைப்பிடி பிய்த்துக்கொண்டது. திறந்திருந்த பின்பக்கம் வழியாக அவர் கடலில் விழுந்துவிட்டார். உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லை. அவர் போட்ட சத்தம் இஞ்சின் இரைச்சலைத் தாண்டவில்லை. படகு போய்விட்டது.

காலை ஆறு மணிக்கு மேல்தான் மற்ற இருவரும் எழுந்து பார்த்தார்கள். ஆளைக் காணவில்லை. உடனே ரேடியோவில் கடலோரக் காவல் படையை அழைத்தார்கள். இப்போது காவல் படையின் நிலையை யோசித்துப் பாருங்கள். முந்தைய இரவு மற்றவர்கள் படுக்கப் போன பிறகு, துறைமுகத்திலிருந்து வந்த வழியில் எங்கே வேண்டுமானாலும் அவர் விழுந்திருக்கலாம். ஹெலிகாப்டரும் கப்பலும் விமானமும் தயார். எந்தப் பக்கம் அனுப்புவது?

தேடலும் மீட்பும் என்று சேர்த்தே சொல்கிறோம். ஆனால் பெரும்பாலும் மூளையைக் கசக்க வைப்பது முதல் பாதிதான். மீட்பு ஆபத்தான வேலை, அதற்கு உடல் பலமும் பயிற்சியும் வேண்டும். ஆனால் எங்கே போக வேண்டும் என்று தெரிந்த பிறகு செய்கிற வேலை அது. தேடலில் அந்த இடமே தெரியாது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீராக இருக்கும் பரப்பில், தேங்காய் அளவுக்கு மட்டும் வெளியே தெரிகிற ஒரு தலையைக் கண்டுபிடிக்க வேண்டும். கப்பல்கள் கண்போன போக்கில் அலைந்து கண்டுபிடிப்பதில்லை. அதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது. சூத்திரங்களைப் பார்த்து மிரள வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில் நேரம். ஒருவர் விழுந்த இடம் மிகச் சரியாகத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். நீரோட்டம் அவரை மணிக்கு 1 கடல் மைல் வேகத்தில் இழுக்கிறது, எந்தத் திசையில் என்று மட்டும் தெரியாது. ஒரு கடல் மைல் என்பது 1.85 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவர் 1 கடல் மைல் ஆரமுள்ள வட்டத்துக்குள் இருப்பார். அதன் பரப்பு 3 சதுர கடல் மைலுக்குச் சற்று அதிகம். ஆறு மணி நேரம் கழித்து? ஆறு மடங்கு என்று தோன்றும். இல்லை, 36 மடங்கு. ஏறக்குறைய 113 சதுர கடல் மைல். பன்னிரண்டு மணி நேரத்தில் 144 மடங்கு, அதாவது 452 சதுர கடல் மைல். நேரம் இரட்டிப்பானால் தேட வேண்டிய கடல் நான்கு மடங்காகிறது. "பொழுது விடியட்டும், பார்ப்போம்" என்று காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இப்படித்தான் கடலைப் பெரிதாக்குகிறது. கரையில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கு மட்டும் மனதில் பதிந்தாலே பல உயிர்கள் பிழைக்கும் என்று நான் நம்புகிறேன்.

நல்லவேளையாக, திசை முழுக்கத் தெரியாமல் போவது அபூர்வம். கடலில் மிதக்கும் எதையும் இரண்டு சக்திகள் நகர்த்துகின்றன: நீரோட்டமும் காற்றும். நம் மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் எல்லாவற்றையும் சேர்த்து இழுக்கும். காற்று அப்படியல்ல. தண்ணீருக்கு மேலே எவ்வளவு தெரிகிறதோ அந்த அளவுக்குத்தான் அது தள்ளும். கழுத்து வரை மூழ்கி மிதக்கும் மனிதரைக் காற்று அதிகம் நகர்த்தாது. காற்றடைத்த லைஃப் ராஃப்ட் என்னும் மீட்பு மிதவையை அது விரட்டிக்கொண்டே போகும். கவிழ்ந்து பாதி மூழ்கிய படகு நீரோட்டத்தோடு போகும், நிமிர்ந்து நிற்கும் வெறும் படகு காற்றோடு போகும். ஒரே இடத்தில், ஒரே நொடியில் விபத்து நடந்திருந்தாலும் சில மணி நேரத்தில் படகு ஒரு பக்கமும் ஆள் இன்னொரு பக்கமும் போயிருப்பார்கள். படகு கிடைத்த இடத்தைச் சுற்றியே ஆளைத் தேடினால் ஏமாற்றம்தான். அதனால் எதைத் தேடுகிறோம் என்று தெளிவாகத் தெரியாமல் எங்கே தேடுவது என்று சொல்ல முடியாது.

இந்த நகர்வைக் கணக்கிட இன்று கணினிகள் இருக்கின்றன. அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2007 முதல் சாரோப்ஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறது. இந்தியாவில் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் சாராட் என்ற கருவியை உருவாக்கியிருக்கிறது. இரண்டும் செய்வது ஏறக்குறைய ஒன்றே. கடைசியாகத் தெரிந்த இடத்தில் ஆயிரக்கணக்கான கற்பனை மனிதர்களைக் கணினி மிதக்க விடுகிறது. ஒவ்வொருவருக்கும் காற்றையும் நீரோட்டத்தையும் விழுந்த நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் போடுகிறது. சில மணி நேரம் கழித்து அந்தப் புள்ளிகள் எங்கே அடர்த்தியாகக் குவிகின்றனவோ அங்கே ஆள் இருக்க வாய்ப்பு அதிகம். எங்கே ஒன்றிரண்டு மட்டும் சிதறிக் கிடக்கின்றனவோ அங்கே குறைவு. இப்படிக் கடல், வாய்ப்பு வாரியாகக் கட்டம் கட்டமாகப் பிரிந்துவிடுகிறது.

ஆனால் கணினிக்கு மனிதர்கள் கொடுக்கும் தகவல்தான் தீனி. அந்த அட்லாண்டிக் சம்பவத்தில் தேடலின் போக்கையே மாற்றியது உடன் வந்த கூட்டாளியின் கூர்மைதான். பெட்டியின் பிய்ந்த கைப்பிடியை அவர் பார்த்தார். பிடிக்கும் இறாலைப் போட்டு வைக்கும் தொட்டியில் கடல்நீரை நிரப்பும் வேலை தொடங்கியிருந்ததையும் பார்த்தார். ஆழம் 40 பாகத்தை (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) தொடும் இடத்துக்குப் படகு வரும்போதுதான் அந்த வேலையைத் தொடங்குவது தன் நண்பரின் வழக்கம் என்று அவருக்குத் தெரியும். அப்படியானால் அதுவரை ஆள் படகில்தான் இருந்திருக்கிறார். கரைக்கு அருகே இருந்த பெரும்பரப்பு ஒரே அடியாகக் கழிந்தது, தேடல் தெற்கே நகர்ந்தது. பிற்பகல் மூன்று மணி வாக்கில் ஹெலிகாப்டர் அவரைக் கண்டது. பன்னிரண்டு மணி நேரம் கடலில் கிடந்திருக்கிறார். ரப்பர் பூட்ஸைக் கழற்றி, கவிழ்த்துக் காற்றை அடைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மிதந்திருக்கிறார். எவ்வளவு நிதானம் பாருங்கள்!

சரி, எந்தக் கட்டத்தில் தேடுவது என்று தெரிந்துவிட்டது. அங்கே போய்ப் பார்த்தால் ஆள் கண்ணில் படுவாரா? இது தனிக் கேள்வி. சரியான இடத்தில் ஆள் இருந்தும், மேலே பறந்துபோன விமானம் அவரைப் பார்க்காமல் போவது சகஜம். வெள்ளை நுரை அலைகள், சூரியக் கூச்சம், சோர்ந்த கண்கள் என்று காரணங்கள் பல. அதனால் திட்டம் போடுபவர்கள் இரண்டு எண்களைப் பெருக்குகிறார்கள். ஆள் அந்தக் கட்டத்தில் இருக்கும் வாய்ப்பு ஒன்று, இருந்தால் கண்ணில் படும் வாய்ப்பு இன்னொன்று. 60 சதவீதம் இருக்கலாம் என்று நினைக்கும் இடத்தில் 50 சதவீதம் தெரியும்படி தேடினால் வெற்றி வாய்ப்பு 30 சதவீதம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேட அமெரிக்கக் கடற்படைக்காக பெர்னார்ட் கூப்மன் என்ற கணிதவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் வளர்த்த அறிவியல் இது. அழிக்கத் தேடிய கணக்கு பிறகு காப்பாற்றத் தேடுவதற்கு வந்து சேர்ந்தது.

கண்ணில் படும் வாய்ப்பை முடிவு செய்வதில் முக்கியமானது, ஒரு விமானம் நேராகப் பறக்கும்போது எவ்வளவு அகலத்தை நம்பகமாகப் பார்க்க முடியும் என்பது. லைஃப் ராஃப்ட் என்றால் அகலம் அதிகம். தனி மனிதர் என்றால் மிகக் குறைவு. தாழ்வாகப் பறக்கும் ஹெலிகாப்டருக்கு, நல்ல வானிலையிலும், 0.1 கடல் மைல் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 185 மீட்டர். மணிக்கு 90 கடல் மைல் வேகத்தில் பறந்தால் ஒரு மணி நேரத்தில் 9 சதுர கடல் மைலைப் பார்க்கலாம். மேலே சொன்ன 452 சதுர கடல் மைலை ஒருமுறை பார்த்து முடிக்க 50 மணி நேரம். அவ்வளவு எரிபொருள் எந்த ஹெலிகாப்டரில் இருக்கிறது?

இப்போது அதே மனிதர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறார் என்று தெரிந்தால்? உலகெங்கும் மீட்புப் படைகள் பின்பற்றும் ஐயம்சார் கையேடு, 150 மீட்டர் உயரம் வரை பறந்து தேடும்போது அந்த அகலத்தை நான்கால் பெருக்கிக்கொள்ளச் சொல்கிறது. 50 மணி நேர வேலை 12 மணி நேரச் சொச்சமாகக் குறைகிறது. லைஃப் ஜாக்கெட் மூழ்காமல் காப்பது எல்லோருக்கும் தெரியும். தேடுபவரின் கண்ணையும் அது நான்கு மடங்கு அகலமாக்குகிறது என்பதை யாரும் நம் கரையோரங்களில் எடுத்துச் சொல்வதில்லை. வெயிலுக்கும் வேலைக்கும் இடைஞ்சல் என்று அதைச் சுருட்டி மூலையில் போடும் தம்பிமார்களிடம் இதைச் சொல்ல வேண்டும்.

அடுத்து, பறக்கும் பாதை. இதிலும் இடத்தைப் பற்றிய தெளிவுதான் தீர்மானிக்கிறது. ஆள் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் இருக்கிறார், நேரமும் அதிகம் ஆகவில்லை என்றால், அந்தப் புள்ளியின் வழியாகத் திரும்பத் திரும்பக் குறுக்கே போய்வரும் பாதை. ஒவ்வொரு திருப்பமும் 120 பாகை. மையத்தை மறுபடி மறுபடி கடப்பதால் அங்கே பார்வை மிக அடர்த்தியாக விழும். இடம் ஓரளவு தெரியும், கொஞ்சம் ஐயம் இருக்கிறது என்றால், நடுவிலிருந்து தொடங்கிச் சதுரமாகப் பெரிதாகிக்கொண்டே போகும் பாதை. பரப்பு மிகப் பெரியது என்றால், உழவு சால் போல இணையான கோடுகளில் போய்த் திரும்புவார்கள். பல கப்பல்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒரே வேகத்தில் போகவும் இது தோதானது. படகு போன வழி மட்டும்தான் தெரியும் என்றால் அந்த வழியையே முதலில் ஒருமுறை பார்த்துவிடுவார்கள். இதற்கு நேரம் குறைவு, பலன் பல முறை கிடைத்திருக்கிறது.

தேடியும் கிடைக்கவில்லை என்றால்? எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கிடைக்காததும் ஒரு தகவல். 'அ' என்ற கட்டத்தில் 70 சதவீத வாய்ப்பு, 'ஆ' என்ற கட்டத்தில் 30 என்று தொடங்குகிறோம். 'அ'வில் 80 சதவீதம் தெரியும்படி நன்றாகத் தேடியாயிற்று, யாரும் இல்லை. அங்கே மீந்திருக்கும் வாய்ப்பு 70-இல் ஐந்தில் ஒரு பங்கு, 14. 'ஆ'வில் 30 அப்படியே இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 44. அதில் 'ஆ'வின் பங்கு 68 சதவீதம். நேற்று இரண்டாம் இடத்தில் இருந்த கட்டம் இன்று முதலிடம். நாளைய தேடல் அங்கே. 'அ' பூஜ்யம் ஆகிவிடவில்லை என்பதையும் கவனியுங்கள், 32 சதவீதம் இன்னும் அங்கே இருக்கிறது.

குறைந்த வாய்ப்பைப் பூஜ்யம் போல எண்ணிவிடுவதன் விலையை ஏர் பிரான்ஸ் 447 காட்டியது. 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் போன அந்த விமானம் 228 பேரோடு அட்லாண்டிக்கில் விழுந்தது. கறுப்புப் பெட்டிகளின் ஒலிக்கருவிகள் 30 நாட்கள் ஒலிக்க வேண்டியவை. கப்பல்கள் காதுகொடுத்துக் கேட்டன, ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் வராத இடத்தில் விமானம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று எண்ணிப் பிறகு வேறு பகுதிகளில் ஒலியலைகளை அனுப்பிக் கடலடியைத் துழாவும் சோனார் கொண்டு தேடினார்கள். 2010-இலும் கிடைக்கவில்லை. அதன் பிறகு மெட்ரான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கணிதவியலாளர்கள் எல்லாத் தேடல்களையும் திரும்பக் கணக்கிட்டு, ஒலிக்கருவிகள் இரண்டுமே பழுதாகியிருக்கலாமே என்ற வாய்ப்பையும் சேர்த்தார்கள். வரைபடத்தில் வாய்ப்பு மறுபடி கடைசியாகத் தெரிந்த இடத்தின் அருகே குவிந்தது. 2011 ஏப்ரலில், தேடலை மீண்டும் தொடங்கிய ஒரு வாரத்தில், அந்த இடத்திலிருந்து ஏறக்குறைய 6.5 கடல் மைல் தள்ளி, சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடைத்தன. உயிரோடு யாரையும் மீட்க முடியாத தேடல் அது. ஆனால் விபத்து ஏன் நடந்தது என்று தெரிய வந்ததும், இறந்தவர்கள் பலரின் உடல் குடும்பங்களுக்குக் கிடைத்ததும் அதனால்தான்.

இதையெல்லாம் யார் நடத்துகிறார்கள்? 1979-இல் ஹாம்பர்க்கில் கையெழுத்தான சர்வதேச ஒப்பந்தத்தின்படி உலகக் கடல்கள் பகுதி பகுதியாக நாடுகளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பகுதியில் ஆபத்தில் இருப்பவர் எந்த நாட்டுக்காரர் என்றாலும் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான நாடு தேட வேண்டும். இந்தியப் பகுதியின் பரப்பு ஏறக்குறைய 46 லட்சம் சதுர கிலோமீட்டர், நாட்டின் நிலப்பரப்பைவிடப் பெரியது. பொறுப்பு கடலோரக் காவல் படையுடையது. மும்பை, சென்னை, ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்) ஆகிய மூன்று இடங்களில் ஒருங்கிணைப்பு மையங்கள் இருக்கின்றன. தேடலுக்கு ஒரே ஒருவர் பொறுப்பாளர். அவர் மையத்தில் உட்கார்ந்து எங்கே, எதைக் கொண்டு தேடுவது என்று முடிவு செய்வார். கடலில் இருக்கும் கப்பல்களில் ஒன்றின் தலைவர் அங்கே மேற்பார்வையாளர். விமானங்களும் கப்பல்களும் ஒன்றோடொன்று மோதாமல், பார்த்த இடத்தையே எல்லோரும் பார்க்காமல் நடத்துவது அவர் வேலை. வழியில் போகும் சரக்குக் கப்பல்களையும் உதவிக்கு அழைப்பார்கள். பல நேரங்களில் முதலில் போய்ச் சேர்வது அவைதான்.

செய்தி வந்ததும் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் கிளப்புவதில்லை. படகு வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை என்றால் முதலில் ஐய நிலை: துறைமுகங்களிலும் மற்ற படகுகளிடமும் விசாரிப்பார்கள். விசாரித்தும் தகவல் இல்லை என்றால் எச்சரிக்கை நிலை. உயிருக்கு ஆபத்து என்று உறுதியானாலோ, சாட்டிலைட் வழியாக ஆபத்துச் சமிக்ஞை வந்தாலோ அது ஆபத்து நிலை, கைவசம் உள்ளதெல்லாம் கிளம்பும். அந்தச் சமிக்ஞை அனுப்பும் கருவிகள் 406 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. இந்தியாவில் அவற்றைப் பெறும் மையம் பெங்களூருவில் இஸ்ரோவிடம் இருக்கிறது. மீன்பிடிப் படகுகளுக்கென்று இஸ்ரோ தனியாக ஓர் ஆபத்துச் சமிக்ஞைக் கருவியையும் செய்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் போதும், மேலே சொன்ன வட்டங்களும் கட்டங்களும் சுருங்கி ஒரு புள்ளியாகிவிடும்.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் தகவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2017 ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மாவட்டத்துக்குக் காட்டியது. நவம்பர் 29, 30 தேதிகளில் புயல் மிக வேகமாக உருவெடுத்தபோது, ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன் பிடிக்கும் படகுகள் ஏற்கெனவே தொலைவில் இருந்தன. சாதாரண வயர்லெஸ் எட்டாத தூரம். எந்தப் படகு எங்கே இருக்கிறது என்ற பதிவு கரையில் சரியாக இல்லை. தூத்தூர் பக்கத்து ஊர்களில் மக்கள் அப்போது வைத்தது நியாயமான கோரிக்கை: எங்கள் ஆட்கள் எந்தப் பக்கம் தொழிலுக்குப் போவார்கள் என்று எங்களுக்குத் தெரியும், எங்களையும் கப்பலில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு மீனவர்களையும் ஏற்றிக்கொண்டு கப்பல்கள் தேடப் போயின. இதுவரை படித்த உங்களுக்கு, தேடல் அறிவியலின்படியும் அந்தக் கோரிக்கை எவ்வளவு சரியானது என்று புரியும். வரைபடத்தில் எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்று முதலில் சொல்லத் தகுந்தவர்கள் அவர்கள்தான்.

தேடலை எப்போது நிறுத்துவது என்பதுதான் பொறுப்பாளருக்கு மிகக் கொடுமையான முடிவு. தண்ணீரின் குளிர், ஆளின் வயது, உடல்நிலை, கையில் மிதவை இருந்ததா என்பதை வைத்து எவ்வளவு நேரம் உயிர் தாங்கும் என்று மதிப்பிடுவார்கள். எல்லாக் கட்டங்களையும் நன்றாகப் பார்த்தாயிற்றா, வாய்ப்பு இன்னும் எங்காவது மீந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மதிப்பீட்டைத் தாண்டி உயிர் பிழைத்தவர்கள் உண்டு என்பதால் அந்த நேரம் முடிந்தவுடனே கை கழுவுவதில்லை. நிறுத்தினாலும், புதிய தகவல் வந்தால் மீண்டும் தொடங்கலாம். இந்த முடிவைக் குடும்பத்தாரிடம் நேரில், காரணத்தோடு, எங்கே எவ்வளவு தேடினோம் என்று வரைபடத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். செய்தித்தாளில் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது.

கடைசியாக, கரையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது. இந்தியாவில் கடல் தேடல், மீட்புக்கான கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554. அழைக்கும்போது படகின் பெயர், பதிவு எண், நிறம், நீளம், எத்தனை பேர் போனார்கள், எத்தனை மணிக்கு எந்தத் துறையிலிருந்து கிளம்பினார்கள், எந்தப் பக்கம் எத்தனை பாகம் ஆழத்துக்குப் போவதாகச் சொன்னார்கள், கடைசியாகப் பேசியது எப்போது, அப்போது என்ன சொன்னார்கள் என்று சொல்லுங்கள். இஞ்சின் கோளாறு என்றார்களா, டீசல் குறைவு என்றார்களா, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் இஞ்சின் நின்ற படகு நீவாட்டோடும் காற்றோடும்தான் போகும். லைஃப் ஜாக்கெட் எத்தனை இருந்தது, என்ன நிறச் சட்டை, செல்போன் எண் என்ன, அருகில் தொழில் செய்த வேறு படகு எது என்பதெல்லாம் உதவும். படகு கிளம்பும் முன்பே இவற்றில் பாதியை வீட்டில் ஒரு தாளில் எழுதி வைத்துவிடலாம். உறுதியாகத் தெரியாததை "தெரியாது" என்றே சொல்லுங்கள். ஊகமாகச் சொன்ன ஓர் இடம் விமானத்தை வேறு திசைக்கு அனுப்பிவிடும். அப்புறம், போனவர்கள் பத்திரமாகக் கரை சேர்ந்துவிட்டால் அதே எண்ணுக்கு உடனே சொல்லிவிடுங்கள். சொல்லாத வரை அங்கே தேடிக்கொண்டே இருப்பார்கள்.